பூங்காவில் ஒரு குழாய்க்காரர்

வாசலை ஒட்டிய குழாயைத் திறக்கிறார், மூடுகிறார், அடியில் விரல் வைத்துப் பார்க்கிறார். ஒழுகவில்லை. நேற்றும் ஒழுகவில்லை. இதை முடித்த பிறகுதான் குழாய்க்காரர் நடக்கத் தொடங்குவார்.

தோளில் கருவிப் பை. உள்ளே ஒரே ஒரு ஸ்பேனர். மற்றவற்றை மனைவி எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். "நெஞ்சைப் பொளந்து தச்சு அனுப்பிருக்காங்க. இன்னும் இரும்பைச் சுமக்கணுமா? கைய வீசிட்டுப் போனா கிரீடம் இறங்கிடுமா?" என்று மனைவி கேட்டதைக் குழாய்க்காரர் எனக்கு நடித்தே காட்டினார். சிரிக்கவில்லை. புழுக்கத்திலும், தையல் தழும்பு வெளியே தெரியாதபடி, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார்.

நான் இந்தப் பூங்காவுக்கு நடக்க வருபவன், அவருடைய வாடிக்கையாளன் அல்ல. அதனால்தான் என்னிடம் சொல்கிறார்.

"மரத்தடியில நடக்கணுமாம், அமைதியா உக்காரணுமாம். மாத்திரை மாதிரி இதுவும் மருந்துதாங்கறார் டாக்டர். பட்டப்பகல்ல பெஞ்சுல உக்காந்திருக்கறவனை எவன் சார் வேலைக்குக் கூப்பிடுவான்? ஹார்ட்டு பழுதான ஆளுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான், பொழப்பு போச்சு."

மருந்து வேலை செய்யத்தான் செய்கிறது. முதலில் மூங்கில் புதர் வந்தாலே நின்று மூச்சு வாங்கியவர், இப்போது நிற்காமல் முழுச் சுற்றும் வருகிறார். குழாய்க்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்ததும் தோள்கள் இறங்குகின்றன. அணில் ஓடுவதைக்கூடப் பார்க்கிறார். ஆனால் தெரிந்த முகம் ஒன்று தென்பட்டால் போதும். சடாரென எழுந்து குழாயடியில் குனிந்துவிடுவார். நிமிரும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

"அண்ணே, அந்தக் குழாய் என்ன உங்க சம்பந்தியா? தினமும் நலம் விசாரிக்கிறீங்க?" என்றார் காவலாளி.

"ஒழுகுதுன்னாங்க தம்பி."

"என்கிட்ட யாரும் சொல்லலையே!"

குழாய்க்காரர், இறுக்கமாகவே இருந்த குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

இன்று வந்தவர் அவருடைய பழைய வாடிக்கையாளர், டீச்சரம்மா. குழாயடியில் குனிந்திருந்தவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"நல்லவேளை, கண்ணுல பட்டீங்க! மாடித் தண்ணித் தொட்டி விரிசல் விட்டுடுச்சு. புதுசு வாங்கி வாசல்லயே கிடக்கு. இப்பவே வந்து மேல ஏத்திக் குடுத்துடுங்களேன். உங்களை விட்டா ஒத்தை ஆளா யாரு தூக்குவா?"

"அதுக்கென்னம்மா, வந்துடறேன்." வாய் முந்திக்கொண்டது.

டீச்சரம்மா முன்னே நடந்தார். இவர் பையை மாட்டிக்கொண்டு பின்னே போனார். என்னைக் கடக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுந்துவிட்டேன், என்ன சொல்லித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வாசல்வரை போனவர் நின்றார்.

"டீச்சரம்மா..."

அவர் திரும்பினார். குழாய்க்காரர் தலை நிமிரவில்லை. பையை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.