மூன்று பேர் போட்ட பத்திரம்

ரேஷன் அட்டை நகல்தான் கேட்டேன். அவர் நீட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த இருபது ரூபாய் பத்திரத்தாள் ஒன்றும் இருந்தது. அதைப் பிரித்துப் படித்த அன்றுதான் எனக்கு ரத்தக்கொதிப்பு தொடங்கியது என்று இன்றும் சொல்வேன்.

அவர் உத்திரமேரூர் கோர்ட்டில் என் கட்சிக்காரர், முதல் பிரதிவாதி. அடைமழையில் தங்கள் வயலில் நின்ற தண்ணீரை வடிக்க, அவரும் பக்கத்து நிலக்காரர்கள் இருவரும் கால்வாய்க் கரையை வெட்டிவிட்டார்கள் என்பது வழக்கு. கீழே இருந்த ஒரு கைம்பெண்ணின் வயலில் அறுப்புக்கு நின்ற நெல் முழுக்க அழுகிப்போனது. அந்த அம்மாவுக்கு அந்த ஒரு போகம்தான் வருஷத்துச் சோறு. “கரை தானா ஒடைஞ்சுதுங்க. மத்த ரெண்டு பேருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது” என்று என் மேஜையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் நம்பி, அப்படியே பதிலுரை எழுதித் தாக்கல் செய்தேன். என்னைச் சொல்ல வேண்டும்!

தாளில் இருந்தது இதுதான்: மூவரும் சேர்ந்தே கரையை வெட்டினோம், கோர்ட்டு யார் தலையில் போட்டாலும் மூவரும் சமமாகக் கட்டுவோம், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டோம். கீழே சாட்சிக் கையெழுத்து. யாரென்று பார்த்தால், வழக்குப் போட்ட அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்!

“ஏங்க, போயும் போயும் அவரையா சாட்சி வெச்சீங்க?”

“எங்க ஊர்ல எந்தப் பத்திரம்னாலும் அவுருதான் எயுதுவாரு, அவுருதான் சாட்சி. சாட்சி இல்லாத பத்திரம் செல்லுங்களா? தங்கச்சி கைல சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துக்கீறாரு.”

அந்த மனிதரும் ஒன்றரை வருஷம் வாயைத் திறக்கவில்லை. வாய்தாவுக்கு வாய்தா தங்கைக்குத் துணையாக பஸ் ஏறி வந்து, கோர்ட்டு பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தத் தாளை நீங்களே கோர்ட்டில் வையுங்கள், முடியாதென்றால் வேறு வக்கீலைப் பாருங்கள் என்று கத்தினேன். மூன்று நாள் யோசித்துவிட்டு வைத்தார். மூவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று தீர்ப்பானது. அந்த அம்மா, வராந்தாவில் நின்ற அண்ணனைத் திரும்பியும் பார்க்காமல் தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

போன மாதம் என் கட்சிக்காரர் வேறொரு வழக்கோடு வந்தார். இந்த முறையும் பிரதிவாதிகள் மூன்று பேர். கையில் அதே பிளாஸ்டிக் உறை.

“உங்களுக்குள்ள பத்திரம் கித்திரம் ஏதாவது போட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க” என்றேன்.

“கீது வக்கீலம்மா” என்று உறைக்குள் விரலை விட்டார். “நீங்க பயப்படாதீங்க. இந்த வாட்டி சாட்சி வெக்கல.”