துத்தம் போடாத பசை

என் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்குகிறது. நாற்காலிப் பிடியில் ஊன்றிய கை, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் எல்லாம் இருக்கின்றன. முகம் மட்டும் இல்லை. அது என் அப்பா. "கம்ப்யூட்டர்ல முகம் போட்டுறலாம்மா" என்கிறான் மகன். யாருடைய முகத்தைப் பார்த்துப் போடுவது?

அப்பா மலாக்கா டவுனில் கணக்குப் புத்தகங்களுக்கு அட்டை கட்டியவர். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த வச்சிரம்தான் அவருக்குப் பசை. ஜப்பான்காரன் காலத்தில் அது கிடைக்காமல் போக, மரவள்ளி மாவுக்கு மாறினார். பச்சைத் தண்ணீரில் கரைத்தால் மாவு அடியில் தங்கிவிடும். அடுப்பில் வைத்துக் கிண்டக் கிண்டத்தான் நீரைக் குடித்து, கண்ணாடிபோல் மாறி ஒட்டும். இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். அந்த நீல உப்பு விஷம், பூச்சி அண்டாது. "துத்தம் போடாத பசை கரப்பானுக்கு வச்ச சோறு" என்பார். அவர் விரல் நுனியின் நீலம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. ஒருநாள் அவரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் காஜா பேராங் வீட்டுக் கூரை ஒழுகி, அப்பாவின் ஒரே படம் அட்டையை விட்டுப் பிரிந்து வந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்; அம்மாவுக்கு இது மட்டும் பறக்கவில்லை. எங்கள் சாப்பாட்டு மாவிலேயே ஒரு பிடி எடுத்துப் பசை காய்ச்சினாள். தம்பி சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். கஞ்சிக்கும் பசைக்கும் எங்களுக்கு ஒரே வாசனைதான். துத்தப் பொட்டலத்தைப் பிரித்த அம்மா, அவனைப் பார்த்ததும் மடித்துவிட்டாள்.

"துத்தம் போடலியாம்மா? அப்பா போடுவாரே" என்றேன்.

"வேணாம். சின்னவன் கரண்டிய நக்கிருவான்."

பொட்டலத்தைக் கொல்லையில் புதைத்தாள். படம் இனிமேல் பிரியவே கூடாதென்று, முகத்துக்குப் பின்னால்தான் பசையை அள்ளித் தடவினாள். மிஞ்சியதை நானும் தம்பியும் வழித்துத் தின்றோம்.

கரப்பான்களும் பசை கனத்த இடமாகப் பார்த்துத்தான் தின்றன. சண்டை முடிந்தது. அப்பா வரவில்லை. அவர் முகத்தை எவ்வளவோ நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளைச் சட்டைதான் வருகிறது. வேறு எதற்கும் நான் இப்படி ஏங்கியதில்லை.

அம்மா அந்தப் படத்துக்காக அழுததில்லை. துடைத்து மாட்டியதும் தம்பியைக் கூப்பிடுவாள். "இப்படி வெளிச்சத்துல உக்காருடா" என்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியே அப்பா ஜாடை என்பாள்.

தம்பி இப்போது புக்கிட் ரம்பாயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான். அந்தப் படத்துக்குக் கீழேதான் அவனுக்கு நாற்காலி போடுவேன். பல் போய், கன்னம் ஒட்டி, அப்பா எட்டாத வயதை அவன் எட்டிவிட்டான். இருந்தாலும் சன்னலைத் திறந்துவிட்டு, "கொஞ்சம் வெளிச்சத்துல உக்காருடா" என்கிறேன்.