தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒரு பந்தாட்டக் கூட்டம்

பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கும் சகோதரர்களே, எழுத்தில் பிழை விட்டால் ஒருவர்தான் சண்டைக்கு வருவார், ஆளை வரைந்தால் ஊரே வரும். ஐம்பதுகளில் கல்முனைத் தேத்தண்ணிக் கடையொன்றின் சுவரில், ஊர்த் திடலில் நடந்த பந்தாட்டத்தையும் பார்க்க வந்த கூட்டத்தையும் வரைந்து நான் பட்ட பாடு இது. யாரையும் நினைத்து வரையவில்லை, சும்மா ஐம்பது அறுபது தலைகள்.

பந்து எங்கே?

பந்து வரைந்திருந்த மூலையில் கடை முதலாளி மறுநாளே வாழைக்குலையைத் தொங்கவிட்டார். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் பார்த்து வாயைப் பிளந்து நின்றது. பொத்துவில் மீன் வியாபாரி ஒருவர் தேத்தண்ணி ஆறும்வரை படத்தை ஆராய்ந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, கல்முனையில வாழப்பழத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடா?"

காய்ச்சல்காரர்

குடையோடு நிற்பது தான்தான் என்று மருதமுனை நெசவாளி ஒருவர் அடித்துச் சொன்னார். பெருமைப்படுகிறார் என்று நினைத்தேன். ஆட்டத்தன்று காய்ச்சல் என்று சொல்லித் தறிக்குப் போகாதவராம். தறியின் சொந்தக்காரரும் இதே கடையில்தான் தேத்தண்ணி குடிப்பாராம். "குடை இருக்கட்டும் தம்பி, எனக்கொரு தாடி வெச்சு உடுங்க" என்று கெஞ்சினார்.

தாடி வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. கண் எரிய எரிய ஒரு மாதம் நான் வரைந்த படம் அது. அவர் சொன்னார்: "இன்னொரு ஆள் குறை சொல்லி வந்தா சுவருக்கு வெள்ளை அடிச்சிருவன்!"

தோளில் ஒரு கை

அடுத்த கிழமையே வந்தார்கள். கல்முனைக்குடியில் ஒரே வள்ளத்தில் கடல் தொழில் செய்த மச்சான்மார் இருவர். ஆட்டத்துக்குப் பிறகு, கிழிந்த வலை ஒன்றுக்காகக் கோபித்துக் கதை பேச்சை விட்டவர்கள். படத்தில் ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டு நின்ற இருவரும் தாங்கள்தானாம். கையை அழிக்கும்படி இருவரும் தனித்தனியே வந்து சொன்னார்கள்.

முதலாளி சுண்ணாம்பு வாளியைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து, கை அழிந்ததா என்று பார்க்க இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வாசலில் வந்து நின்றார்கள். மூத்தவர் சுவரையே பார்த்தபடி கேட்டார், "ஆட்டம் நடந்த அண்டைக்கு என்ட தோளில கை போட்டது நீதானே?" இளையவர் தலையைக் குனிந்து "ஓம் மச்சான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்தவர் முதலாளி பக்கம் திரும்பினார். "வாளிய உள்ள வைங்க முதலாளி. எங்க ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி போடுங்க."

அந்தக் கை யாருடையது என்று வரைந்த எனக்கே தெரியாது, நல்ல வேளை, என்னை யாரும் கேட்கவில்லை.