முதுகைக் காட்டிப் பேசும் மாமா

என் அம்மாவின் தம்பி சலூன் வைத்திருக்கிறார். கத்தரி நின்றாலும் அவர் பேச்சு நிற்காது. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் பாதி, அந்தப் பேச்சைக் கேட்க வருகிறவர்கள் மீதி. அப்படிப்பட்ட வாய்க்காரருக்குப் பிறந்த மகளுக்குக் காது கேட்கவில்லை. மெஷின் மாட்டிப் பார்த்தார்கள். லாரி ஹாரன் எட்டியது, அப்பாவின் பேச்சு எட்டவில்லை. இரண்டு மாதம் மாமாவின் வாய்க்குப் பூட்டு. அதன்பிறகு பேச்சு முழுவதையும் கைக்கு மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்.

மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். நாலரை வயது. மாமி வேலைக்குப் போனதும் வாலுவுக்குக் கடையில்தான் குடித்தனம். காது கேளாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ச் சைகை மொழி கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்.

"பிள்ளைக்கு மட்டும் நான் சொல்லிக்குடுத்து என்ன பிரயோஜனம்? பெத்தவங்க பேசலைன்னா அது யார்கிட்ட போய்ப் பேசும்?" என்பது அவர் கட்சி.

"கடையை மூடிட்டு நான் எப்படிங்க வகுப்புல உக்கார்றது?" என்பது மாமாவின் கட்சி.

"யாரு மூடச் சொன்னா? வெட்டிக்கிட்டே கத்துக்குங்க!"

அப்படித்தான் கற்றுக்கொண்டார். டீச்சரும் வாலுவும் பின்சுவரை ஒட்டிய பெஞ்சில். மாமா அவர்களுக்கு முதுகைக் காட்டி, வாடிக்கையாளரின் தலைக்கு மேலே. எதிரே சுவர் நிறையக் கண்ணாடி. டீச்சர் கண்ணாடியில் கை காட்டுவார், மாமா கண்ணாடியைப் பார்த்தே திருப்பிச் செய்வார், சீப்பைக்கூடக் கீழே வைக்காமல்.

நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, காடாக வளர்ந்த முடியோடு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த அன்றுதான் இதை முதலில் பார்த்தேன். பாதித் தலை வெட்டியாயிற்று. திடீரென்று கத்தரிச் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தால், என் தலைக்கு மேலே சீப்பு பறக்கிறது. பெஞ்சில் வாலுவின் பத்து விரலும் பறக்கின்றன.

"என்ன மாமா சண்டை?"

"இன்னொரு பிஸ்கெட் வேணுமாம். முடியாதுன்னேன். இந்த அக்கா தலையில பாதிதான் வெட்டியிருக்க, அதனால எனக்குப் பாதி பிஸ்கெட்டாவது குடுங்கிறா."

"இது என்ன நியாயம்?"

"வக்கீல் வயித்துல பொறக்க வேண்டியவ, என்கிட்ட வந்து மாட்டிக்கிட்டா."

பிஸ்கெட் கைமாறும்வரை என் மீதித் தலைக்கு விமோசனம் கிடைக்கவில்லை.

அந்த வாரம் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஓர் இடம்தான் காலி. அம்மாவும் அப்பாவும் தனித்தனியாகப் பத்து நிமிடம், யார் துணையும் இல்லாமல் பிள்ளையோடு பேசிக்காட்ட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். இன்னும் ஒரு வருடம், ஒரு கூட்டாளிகூட இல்லாமல், வாலுவுக்கு அந்தப் பெஞ்சுதான் உலகம்.

"பத்து நிமிஷமா? பத்து மணி நேரம் பேசுவேன்!" என்று மாமா மீசையை முறுக்கினார்.

போனோம். மாமி உள்ளே போய் வெளுத்து வாங்கிவிட்டு வந்தாள். அடுத்து மாமா. கதவு திறந்தே இருந்ததால் டீச்சரும் மாமியும் நானும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். தலைமை ஆசிரியை மேசைக்குப் பின்னால், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். நடுவில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். மாமா ஒன்றில், வாலு ஒன்றில்.

மாமா கையைத் தூக்கினார். கை அந்தரத்தில் நின்றது. கண்ணாடியில் வலக்கைக்கு நேராக வலக்கை தெரியும். நேரில் எல்லாம் இடம் மாறி நிற்கிறது. வீட்டில் மாமி குறுக்கே புகுந்து மொழிபெயர்த்துவிடுவாள், அதனால் அப்பாவும் மகளும் நேருக்கு நேராகப் பேசிக்கொண்டதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வாலு ஒரு நிமிடம் பொறுத்தாள். பிறகு, 'திரும்பு' என்று கை காட்டினாள். மாமா எழுந்தார். சொன்ன பேச்சைத் தட்டாத அப்பாவாக, மகளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

"என்ன இது? பிள்ளைகிட்ட பேச இஷ்டம் இல்லையா இவருக்கு?" என்றார் தலைமை ஆசிரியை.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "அவர் மேல தப்பு இல்ல மேடம், என் தப்பு! ரெண்டு பேரையும் கண்ணாடி பாத்துப் பேசப் பழக்கினது நான்தான். இங்க கண்ணாடி எங்க இருக்கு?"

"கை கழுவுற இடத்துல. ஏன்?"

அவ்வளவுதான். ஊர்வலம் கிளம்பியது. ஐந்து குழாய்களுக்கு மேலே நீளமான கண்ணாடி. மாமா அதற்கு முன்னால் நின்று சட்டைப்பையிலிருந்து சீப்பை உருவினார். வாலு பின்னால் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் ஏறினாள். தலைமை ஆசிரியை கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

'அந்த அம்மா ஏன் கோபமா இருக்காங்க?' என்றாள் வாலு. மாமி என் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள்.

மாமா கண்ணாடியில் தலைமை ஆசிரியையை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாவுக்குச் சைகை மொழி அத்துப்படி, ஒன்றும் தப்பாது. 'கோபம் இல்ல. நிறையப் பிள்ளைங்க, அதனால களைப்பு.'

'அவங்க முடியை நீ வெட்டுவியா?'

'கேட்டா வெட்டுவேன்.'

'முன்னாடி கோணலா இருக்கு.'

'இருக்கு. ஆனா சொல்லாதே.'

தலைமை ஆசிரியை நெற்றி முடியை ஒதுக்கினார். ஒதுக்கும்போதே சிரிப்பு பீறிட்டுவிட்டது. பத்து நிமிடம் முடிந்தும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. குழாய் ஏன் ஒழுகுகிறது என்பதுவரை போய்த்தான் நின்றது.

"பேச்சுக்குக் குறைவே இல்ல" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "ஆனா உலகம் முழுக்க நான் கண்ணாடி மாட்ட முடியாதுங்க. நேரா பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது போதும்."

மாமா மெல்லத் திரும்பினார். சீப்பைப் பைக்குள் வைத்தார். 'இது உன் பள்ளிக்கூடம்' என்று சொல்ல முயன்றார். கை திக்கியது. வாலு வாளியிலிருந்து குதித்து வந்து, அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். ஓரடி பின்னால் போய், 'இப்ப சொல்லு' என்றாள்.

சொன்னார்.

"திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

பேருந்து நிறுத்தம் அரை மைல். வாலுவுக்கு நூறு கேள்வி. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், யார் பக்கத்தில் உட்காருவது, வாளி யாருடையது. பதில் சொல்ல மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாமா பின்பக்கமாகவே நடந்தார், இரண்டு கையும் காற்றில் பறக்க. வாலு எதிரே துள்ளிக்கொண்டு வந்தாள். கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"மாமா, கம்பம்!"

"பாத்துட்டேன்!"

"பாக்கலை மாமா, பின்னாடி! சைக்கிள்! நாய்!"

"நீ கத்திக்கிட்டே வா, நான் பேசிக்கிட்டே வரேன்!"