பதில் வந்தால்தான் சுவிட்ச்

காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் உரித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி கிடந்தால் புளித்துவிடும். கொடைக்கானலுக்குக் கீழே நான் வேலை பார்த்த எஸ்டேட்டில் தோல் உரிக்கும் இயந்திரம் என் பொறுப்பில் இருந்தது. பொம்பளை கையில் சுவிட்சா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இயந்திரம் சரிவின் கீழே, பழத்தொட்டி மேட்டில், தண்ணீர் மடை அதற்கும் மேலே. மூடுபனி இறங்கினால் ஒன்றிலிருந்து ஒன்று தெரியாது. கத்தினாலும் ஓடைச் சத்தத்தில் கேட்காது. செல்போன் மலைக்கு வந்த புதிது. பேச்சு பாதியில் அறுந்துவிடும், மெசேஜ் மட்டும் எப்படியோ போய்ச் சேரும். அந்தப் போன்களில் தமிழ் கிடையாது, எங்களுக்கு இங்கிலீஷ் வராது. அதனால் எண்களை வைத்து நானே ஒரு முறை கொண்டுவந்தேன். நான் 1 அனுப்பினால் சுவிட்ச் போடப்போகிறேன் என்று அர்த்தம். போடலாம் என்பதற்குத் தொட்டியில் நிற்பவர் 2, மடையில் நிற்பவர் 3 என்று பதில் அனுப்ப வேண்டும். இரண்டும் வராமல் சுவிட்சைத் தொடமாட்டேன்.

தொட்டிப் பக்கம் சிக்னல் கிடைத்தது ஒரே ஒரு சில்வர் ஓக் கிளையில்தான். தொட்டிக்காரர் போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அங்கேயே தொங்கவிட்டிருப்பார். மேனேஜருக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.

மூடுபனி இறங்கி, பழமும் மலையாகக் குவிந்த ஒரு நாள், மேனேஜர் என் பக்கத்திலேயே வந்து நின்றார். 1 அனுப்பினேன். 3 வந்தது, 2 வரவில்லை. மறுபடியும் அனுப்பிப் பார்த்தேன். மரத்தில் தொங்குகிற போனா பதில் சொல்லும், சுவிட்சைப் போடு என்றார் அவர். பழம் புளித்தால் நாளைக்கு இங்கே வேறு ஆள் நிற்பார் என்றும் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“பதில் வரலைங்க. மேல போய்ப் பாத்துட்டு வாறேன்.”

நான் ஏற, அவரும் மூச்சு வாங்கப் பின்னால் வந்தார். தொட்டிக்காரர் உள்ளே இறங்கி, சுவிட்ச் போட்டதும் சுழன்று பழத்தைக் கீழே தள்ளும் இரும்புத் திருகுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார்.

“கொம்பு ஒண்ணு மாட்டிக் கெடக்குக்கா. வெரசா எடுத்துர்றேன்.”

மேனேஜர் அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தொட்டிக்காரர் கொம்பை உருவிப் போட்டு வெளியே வந்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மரத்தடிக்குப் போய் 2 அனுப்பினார். எதிரில் நின்ற என்னிடம் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இப்பப் போடலாமாம்மா?” என்று மேனேஜர் என்னிடம் கேட்டார்.

“கீழ போயி மறுபடி 1 அனுப்புவேங்க. ரெண்டு பதிலும் வந்தா போடுறேன்.”

சரிம்மா என்றார்.