அசனச் சோற்றில் ஒரு துணி மூட்டை

ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஜாதி ஒழிந்துவிடும் என்று மிஷன் துரைமார் நம்பினார்கள். நானும் நம்பினேன். இப்போது சபையாரெல்லாம் ஒன்றாகச் சாப்பிடும் அசனம் என்றால் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தினியாக இருந்தேன். அங்கேயே வேலை பார்த்த வாத்தியார் ஒருவருக்கு என்னைப் பேசியிருந்தார்கள். ஜாதியில் அவர்கள் எங்களுக்கு மேலே. கிறிஸ்துவுக்குள் ஜாதி ஏது என்று அவரேதான் என் அப்பாவிடம் வந்து பெண் கேட்டார். அறுப்பின் பண்டிகை அசனத்தில் இரண்டு வீட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் கல்யாணம் உறுதி என்று ஏற்பாடு.

அசனத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அரிசி கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டிப் பொங்குவார்கள். யார் வீட்டு அரிசி யார் இலையில் விழும் என்று தெரியாது. அந்தப் பண்டிகையில் எனக்குப் பிடித்ததே அதுதான். அன்று வடித்த சோற்றை ஓலைப்பாயில் சரித்தபோது, வெள்ளைத் துணி மூட்டை ஒன்று ஆவி பறக்க உருண்டு வந்தது. அவிழ்க்கப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்தாள்.

"ஏட்டி, அவுக்காத! எங்க வீட்டு அரிசி அது. கண்டவுக அரிசியோட கலக்கக் கூடாதுன்னு கட்டிப் போட்டேன். தனியா பொங்கினா நாலு பேரு பேசுவாவல்லா. நீ எங்க வீட்டுக்கு வரப்போறவதான, பைய கொண்டுபோயி அவனுக்கு வச்சிரு."

என் கை ஆகும், என் அப்பா கொடுத்த அரிசி ஆகாது! அதே கஞ்சியைக் குடித்துத்தான் அந்த மூட்டையும் உப்பியிருந்தது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

பந்தி உட்கார்ந்தது. துரை ஜெபம் பண்ணினார், எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அப்பாவும் மாப்பிள்ளையும் அடுத்தடுத்த இலையில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே, அவர் முன்னால் குனிந்து, "எந்தச் சோறு வைக்கட்டும்?" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அம்மா கட்டினதையே வையி. ஆளுக பாக்காவ, சீக்கிரம்."

மூட்டையை அவிழ்த்து, மொத்தச் சோற்றையும் அப்பாவின் இலையில் கொட்டினேன்.

மாப்பிள்ளை இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். ஒன்றும் விளங்காமல் அப்பா என்னைப் பார்த்தார். "இம்புட்டும் எதுக்குட்டி?"

"சாப்பிடுங்கப்பா," என்றேன். "சம்பந்தி வீட்டுச் சோறு."