யூனிஸ் டீச்சரின் மேஜை

தோசையை ஓரத்திலிருந்து பிய்த்துக்கொண்டே நடுவுக்கு வருவார் யூனிஸ் டீச்சர். சட்னியில் ஒரு வாய், சாம்பாரில் ஒரு வாய், முறை மாறாது. இடது கை, திருத்த வேண்டிய நோட்டுக் கட்டின் மேல் இருக்கும். வாசல் கரும்பலகையில் 'பூறி' என்று எழுதியிருந்தால், போகிற போக்கில் சாக்பீஸால் திருத்திவிடுவார்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே, ஆறே மேஜை போட்ட சின்ன ஓட்டல் அது. பள்ளி விட்டதும் நாலரைக்கு வந்து ஜன்னலோரம் உட்காருவார். ஐம்பதை நெருங்கும் வயது, மணமாகாதவர். சுற்றிலும் ரயில்வே ஆட்கள், லாரி ஓட்டுநர்கள், தபாலாபீஸிலிருந்து நான். எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கென்று பின்பக்கம் பச்சைத் திரை போட்ட அறை இருக்கிறது.

முதல் நாள் சர்வர் மாரி பதறிப்போனான்.

"டீச்சர், ஃபேமிலி ரூம் காலியா கீது. அங்க வந்துடுங்க."

"அங்கே உட்கார்ந்தா சாப்பிடற மாதிரி இல்லப்பா, ஒளிஞ்சிக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு. ஒரு தோசை கொண்டா, முறுகலா."

போன புதன்கிழமை அவருடைய தம்பி எட்மண்ட் வந்தார். நேரே மேஜையருகே போய் நின்றார்.

"அக்கா, எழுந்திரு. ஆம்பளைங்க நடுவுல உட்கார்ந்து சாப்பிடறேன்னு சர்ச்சுல பேசறாங்க. அடுத்த வாரம் கிருபாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. என் பொண்ணு வாழ்க்கை உனக்கு விளையாட்டா?"

தாயில்லாத கிருபாவை வளர்த்ததே டீச்சர்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் தோசை சாப்பிட்டேன்னு வேண்டாங்கறவங்க வீட்டுக்கு அவ எதுக்குப் போகணும்? உட்காரு எட்மண்ட், நீயும் சாப்பிடு."

"எழுந்திருன்னா எழுந்திரு!" எட்மண்ட் நோட்டுக் கட்டை வாரி எடுத்துக்கொண்டார்.

மாரி காபியோடு வந்து நின்றான்.

"அவங்க கிளம்பறாங்க, எடுத்துட்டுப் போ" என்றார் எட்மண்ட்.

மாரி அவரைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். டீச்சர் இடது கையை நீட்டினார்.

"பார்த்து டீச்சர், சூடு ஜாஸ்தியா கீது" என்று டம்ளரைக் கொடுத்தான்.

எட்மண்டின் தாடை இறுகியது. என் பக்கத்திலிருந்த ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் பாதி எழுந்துவிட்டார். நோட்டுக் கட்டு மேஜையில் வந்து விழுந்தது.

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டு எட்மண்ட் வெளியேறினார்.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. டம்ளர் நடுங்கிக் காபி சிந்தியது. எச்சில் கையையும் சேர்த்து, இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.